கரி குரோமியத்தை வெளியேற்றாது, கட்டிப்போடும்

வணக்கம் சார். ராணிப்பேட்டைப் பக்கம் டேனரி (தோல் பதனிடும் ஆலை) கழிவுத் தண்ணீர் பாய்ந்த 20 சென்ட்டில் சீமைக்கருவேலக் கரியைப் பொடித்துப் போட்டால் மண்ணிலுள்ள குரோமியம் என்ற உலோகம் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. கரி அதைப் பிடித்து வைத்து, வேருக்குப் போவதைக் குறைக்கும், அவ்வளவுதான். குரோமியத்தில் விஷம் அதிகமான ஆறு இணைதிறன் வகை, விஷம் குறைந்த மூன்று இணைதிறன் வகையாக மாறவும் கொஞ்சம் உதவும். அளவு? மேல் அரை அடி மண்ணுக்கு 1 சதவீதம் என்றாலே சென்ட்டுக்குச் சுமார் 80 கிலோ, உங்களுக்கு 1,600 கிலோ, மூட்டை தூக்கியே இடுப்பு போய்விடும். முதலில் ஒரு சென்ட்டில், சாணிக் கரைசலில் ஊறவைத்துப் போட்டுப் பாருங்கள். அடுப்புச் சாம்பலைக் கலக்காதீர்கள், மண்ணில் காரத்தன்மை ஏறினால் அந்த ஆறாம் வகை மண்ணில் ஒட்டாமல் நகரும். அப்புறம், டேனரி நிலத்தில் உப்பும் இருக்கும், அதற்குக் கரி மருந்தல்ல. கீரை மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.