பழைய வால்வு ரேடியோவும் கண்டென்சர்களும்: கேள்வி பதில்

தலவாக்கலையிலிருந்து: ஐயா, தாத்தா இலங்கை வானொலி கேட்ட வால்வு ரேடியோ பல வருடமாகப் பரணில் கிடந்தது. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

செருக வேண்டாம். மின்னைச் சேர்த்து வைக்கும் உறுப்பே கண்டென்சர். அதில் எலக்ட்ரோலிற்றிக் என்ற வகையில் மின்னைத் தடுத்து நிறுத்துவது அலுமினியத் தகட்டின் மீதுள்ள மெல்லிய ஒக்சைட்டுப் படலமே. ஆண்டுக்கணக்கில் மின்னழுத்தம் கிடைக்காவிட்டால் அது நலிந்துவிடும். அந்த நிலையில் 230 வோல்ற்றை நேரே கொடுத்தால் கசிவோட்டம் பெருகி, கண்டென்சர் சூடேறி வெடிப்பதோடு, மாறோட்டத்தை நேரோட்டமாக்கும் ரெக்டிஃபையர் வால்வும் ட்ரான்ஸ்ஃபோமரும் சேர்ந்து போய்விடக்கூடும். கண்டென்சர்களைச் சரிசெய்து முடித்த பின்னரும் முதன்முறை மின் கொடுக்கும்போது 60 வாற்று இழை பல்ப் ஒன்றைத் தொடரில் இணையுங்கள். அது பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

பண்டாரவளையிலிருந்து: அந்தப் படலத்தை மீண்டும் உருவாக்கலாம் என்கிறார்களே?

முடியும். கண்டென்சரைச் சுற்றிலிருந்து பிரித்து, 10 கிலோ ஓம் தடையியைத் தொடரில் சேர்த்து, நேரோட்ட அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றவேண்டும். தடையிக்குக் குறுக்கே 10 வோல்ற்று காட்டினால் 1 மில்லியம்பியர் கசிகிறது என்று பொருள். அது நன்கு இறங்கிய பிறகே அடுத்த படிக்குப் போகவேண்டும். ஆனால் உள்ளே உலர்ந்துபோன திரவத்தை இம்முறை மீட்டுத் தராது. ஆகவே தினமும் பாடவேண்டிய ரேடியோவுக்குப் புதியதைப் போடுவதே நல்லது என்பேன். பழைய அலுமினியக் குவளையை இணைப்பு நீக்கி அழகுக்காக மேலேயே விட்டு, 450 வோல்ற்றுப் புதியவற்றை அடியில் பொருத்துங்கள். பழையதன் கொள்ளளவு 8 மைக்ரோபரட் என்றால் 10, 16 என்றால் 22 போதும். ரெக்டிஃபையரை அடுத்துள்ளதை மட்டும் அளவுமீறிக் கூட்டாதீர்கள். ஈஇசட் 80 (EZ80) என்ற ரெக்டிஃபையர் வால்வு 50 மைக்ரோபரட்டுக்கு மேல் தாங்காது.

ஹட்டனிலிருந்து: மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் பார்வைக்கு நன்றாகவே உள்ளன. மீற்றரும் சரியான அளவைக் காட்டுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

கட்டாயம் மாற்றுங்கள். தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் நிற்கும் உங்கள் பக்கத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சாமல் இருப்பது அரிது. அந்த ஈரத்தால் வரும் கசிவு, சில வோல்ற்றில் அளக்கும் மீற்றருக்குத் தெரியாது, 200 வோல்ற்றில்தான் வெளிப்படும். இவற்றை மீளுருவாக்கவும் முடியாது. மிக ஆபத்தானது, ஒலிபெருக்கியை இயக்கும் வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்கு, அதாவது அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, போகும் கண்டென்சர். அது கசிந்தால் கிரிட்டில் நேர் அழுத்தம் ஏறி, வால்வு அளவுக்கு மீறி மின்னை இழுத்து, வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோமரையே எரித்துவிடும். வெளியீட்டு வால்வு ஈஎல் 84 (EL84) என்றால், அதன் கிரிட்டான 2ஆம் முனையை ரேடியோவின் உலோகச் சட்டமான சசியுடன் ஒப்பிட்டு அளந்து பாருங்கள். பெரும்பாலான ரேடியோக்களில் அது ஏறக்குறைய 0 ஆக இருக்கவேண்டும். நேர் அழுத்தம் இருந்து, கண்டென்சரின் ஒரு முனையைக் கழற்றியதும் மறைந்தால் குற்றவாளி கண்டென்சர். மறையாவிட்டால் வால்வைச் சந்தேகியுங்கள். 0.05க்குப் பதிலாக 0.047 மைக்ரோபரட், 630 வோல்ற்றுப் பொலியெஸ்டர் போடலாம்.

பதுளையிலிருந்து: மைக்கா கண்டென்சர்களையும் மாற்றவா? கைவைக்கப் பயமாகவும் இருக்கிறது.

மைக்காவை அப்படியே விடுங்கள். அவை பெரும்பாலும் கெடுவதில்லை, தேவையின்றி மாற்றினால் அலைவரிசை இசைவு பிசகும். உங்கள் பயம் நியாயமானது. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின் தேங்கி நிற்கும் என்பதால், 10 கிலோ ஓம், 5 வாற்றுத் தடையியால் அதை வடித்து, மீற்றரில் 0 கண்ட பிறகே தொடுங்கள். வால்வுப் பெயர்கள் யூசிஎச் (UCH), யூஎல் (UL), யூவை (UY) என்று தொடங்கினால் அந்த ரேடியோவின் சசி பெரும்பாலும் நேரடியாக மின்வழங்கலோடு இணைந்திருக்கும். அதைத் தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் மின் கொடுத்துத் திறந்து வேலை செய்யாதீர்கள்.