குடிக்கணக்கில் பூட்டன் பெயர் இருக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தாத்தா 1920களில் திருச்சி ஜில்லாவிலிருந்து கப்பலேறி வந்து இங்கே மலாயாத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவியவர். அவருடைய அப்பா ஊரில் விவசாயி. அதற்கு முன் பட்டாளத்தில் இருந்தார் என்பார்கள். பிறந்தது 1860-ஐ ஒட்டி இருக்கலாம். 1881, 1891 குடிக்கணக்கில் (சென்சஸில்) அவர் பெயரைப் பார்க்க முடியுமா? பட்டாளத்து ஆவணம் எங்கே கிடைக்கும்?
– வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: குடிக்கணக்கை முதலிலேயே மறந்துவிடுங்கள். 1881 பிப்ரவரி 17 அன்று இந்தியா முழுக்க ஒரே நேரத்தில் தலை எண்ணினார்கள். வீடுவீடாகப் பெயரும் எழுதினார்கள். ஆனால் கூட்டி அட்டவணை போட்டு முடித்ததும் அந்தத் தாள்களை வைத்திருக்கவில்லை. அச்சில் நிற்பது ஆண் இத்தனை, பெண் இத்தனை என்ற எண்ணிக்கைதான். 1891-ம் அப்படியே, மலாயாவில் எடுத்த பழைய கணக்குகளும் அப்படியே. இங்கிலாந்தில் 100 ஆண்டு, அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்து வீட்டுத் தாளையே பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். அதைப் பார்த்து நம்மவர்களும் இணையத்தில் சந்தா கட்டித் தேடுகிறார்கள். ராமசாமி என்று தட்டினால் எவரோ ஒரு ராமசாமி வருவார், உங்கள் பூட்டன் வரமாட்டார்.

நிலம் வைத்திருந்த விவசாயிக்கு நில ரிஜிஸ்டர்தான் குடிக்கணக்கு. அதைத் தொட இரண்டு விஷயம் கையில் வேண்டும்: கிராமத்தின் பெயர், பூட்டனுடைய அப்பாவின் பெயர். இரண்டுக்கும் சுங்கை சிப்புட்டிலேயே தொடங்குங்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அவர் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், குடியுரிமைத் தாள், பழைய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர்கள்) சுடப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அந்த ஆண்டே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிந்து அடையாள அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பிறந்த ஊர் நாகப்பட்டினம்’ என்று எதிலாவது கண்டால் உடனே நம்ப வேண்டாம். அது கூலிகளைக் கப்பலேற்றிய டிப்போ இருந்த ஊர்.

எல்லாவற்றையும் விட மேல், ஊரிலிருந்து வந்த கடிதமும் மணியார்டர் ரசீதும். அனுப்புநர் முகவரியில் கிராமம், ‘வழி’ என்று போட்டு ஒரு போஸ்டாபீஸ், தாலுகா மூன்றும் இருக்கும். வீட்டில் வாய்வழி நிற்பது பெரும்பாலும் அந்த போஸ்டாபீஸ் பெயர்தான், கிராமம் அதற்குள் ஒரு சிற்றூராக இருக்கும்.

‘திருச்சி’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கரூர் 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லா. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், அதன் ஆவணமும் தனி. பெரம்பலூரும் கரூரும் தனி மாவட்டமானது 1995-ல். பூட்டன் காலத்தில் அந்தக் கிராமம் எந்த தாலுகா, எந்த ஜில்லா என்று எழுதி வைத்துக்கொண்ட பிறகே தமிழ்நாட்டுக்கு டிக்கெட் போடுங்கள்.

ரயத்துவாரி கிராமமாக, அதாவது குடியானவனே நேரடியாகச் சர்க்காருக்கு வரி கட்டிய கிராமமாக இருந்தால் செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலத்தை அளந்து, சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, ஏக்கர் சென்ட், தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று வரிசையாக எழுதினார்கள்; 30 ஆண்டுக்கொரு முறை மறு செட்டில்மெண்ட். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து ஆவண அறையிலும் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் வரும் அ-பதிவேடு (கிராமத்து நிலப் பதிவேடு) இன்றைய உரிமையாளரைத்தான் காட்டும். ஆனாலும் அதில் கிடைக்கும் சர்வே எண் உதவும். எண் மாறியிருந்தால் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் கேட்டு, பின்னோக்கிப் போகலாம்.

உடையார்பாளையம் போன்ற ஜமீன் கிராமமாக இருந்தால் இந்த வழி அடைபடும். அங்கே சர்க்காருக்கு வரி கட்டியவர் ஜமீன்தார், குடியானவன் பெயர் ஜமீன் கணக்கில்தான். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமீனை எடுத்த பிறகே சர்க்கார் செட்டில்மெண்ட் அங்கே நடந்தது.

இனாம் நிலமானால், அதாவது மானியமாகக் கொடுத்த நிலமானால், உங்களுக்கு யோகம். 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் தயாரித்த இனாம் ஃபேர் ரிஜிஸ்டரில் முதலில் மானியம் பெற்றவர் பெயர், அப்போது அனுபவித்தவரின் பெயர், வயது, இருவருக்கும் என்ன உறவு என்பது வரை பத்தி பத்தியாக எழுதியிருக்கும். உங்கள் பூட்டன் அப்போது குழந்தை. அவருடைய அப்பா அல்லது பாட்டன் அதில் இருக்கலாம்.

பேர்தான் பெரிய வில்லங்கம். நம்மில் பேரனுக்குப் பாட்டன் பெயர். முனியாண்டி மகன் காளிமுத்து, காளிமுத்து மகன் முனியாண்டி என்று மாறி மாறி வரும். பட்டாவில் ‘காளிமுத்து மகன் முனியாண்டி’ என்று பார்த்ததும் துள்ளிக் குதிக்காமல், ரிஜிஸ்டர் ஆண்டையும் வயதையும் வைத்துக் கழித்துப் பாருங்கள். அது பூட்டனாகவும் இருக்கலாம், பூட்டனின் பாட்டனாகவும் இருக்கலாம்.

இனி பட்டாளம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் மதராஸ் ராணுவத்து மஸ்டர் ரோல் (ஆள் பட்டியல்) வெள்ளைக்காரச் சிப்பாய்களுடையது. நம் சிப்பாய்களின் தாள்கள் ரெஜிமெண்டிலேயே இருந்தன. பழைய மதராஸ் காலாட்படைகளை 1920களில் ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டதால் அவை ஓரிடத்தில் இல்லை. பூட்டன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியியல் படையில் இருந்திருந்தால் நிலைமை மேல். அந்தப் படை பெங்களூரில் மதராஸ் எஞ்சினியர் குரூப்பாக இன்றும் நடக்கிறது. எழுதிக் கேட்கும்போது படை எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் நான்கும் வேண்டும். படை எண் இல்லாமல் எழுதினால் பதிலை எதிர்பார்க்காதீர்கள். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ பென்ஷன் தாளோ பழைய பெட்டியில் கிடக்கிறதா என்று பங்காளி வீடுகளிலும் விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ராணி தலை போட்ட வெள்ளிப் பதக்கம் ஒன்று கறுத்துக் கிடக்கிறது. அதிலிருந்து ஏதாவது தெரியுமா?

பதில்: தெரியும். அதற்கு முன், பிராசோ (உலோக பாலிஷ்) போட்டுத் தேய்க்காதீர்கள். விஷயம் முகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. தேய்த்தால் முதலில் அழிவது அந்த எழுத்துதான். உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து மெல்லச் சுற்றுங்கள். படிக்க முடியாவிட்டால் மெல்லிய தாளை விளிம்பில் சுற்றிப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். படை எண், ‘சிப்பாய்’, பெயர், ரெஜிமெண்ட் என்ற வரிசையில் ஆங்கிலத்தில் வரும். பதக்கத்துக்கு மேலே ‘பர்மா 1885-7’ என்ற பட்டை இருந்தால் மதராஸ் படைகள் பெருமளவில் போன சண்டை அது. ‘பேராக்’ பட்டை மலாயாவின் பேராக்கில் நடந்த 1875-76 சண்டைக்கு உரியது.

ரெஜிமெண்ட் எண்ணில் ஒரு சிக்கல். 1903-ல் மதராஸ் காலாட்படை எண்களோடு 60-ஐக் கூட்டினார்கள். 3-ஆவது படை 63-ஆவது பாளையங்கோட்டை ஆனது, 23-ஆவது 83-ஆவது வாலாஜாபாத் ஆனது. பதக்கத்தில் 23, பென்ஷன் தாளில் 83 என்றிருந்தால் அவை இரண்டு ஆட்கள் இல்லை.

கேள்வி: எங்கள் முன்னோருக்கு நிலமே கிடையாது. பண்ணையில் ஆளாக இருந்தவர்கள். எங்களுக்கு வழி?

பதில்: பட்டாவில் பெயர் இராது என்பதுதான் நேர்மையான பதில். இங்கு வந்தவர்களில் உங்களைப் போன்ற குடும்பத்தார் ஏராளம். குலதெய்வத்தைப் பிடியுங்கள். ஊர் பெயர் மறந்தவர்களுக்குக்கூடச் சாமி பெயர் நினைவிருக்கும். கோயில் தெரிந்தால் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்கும் வரி) நோட்டில் எந்தப் பங்காளிகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் புத்தகம் இதைவிடத் துல்லியம்.

இன்னொரு வழி பக்கவாட்டில் போவது. தாத்தாவின் அண்ணனோ சித்தப்பாவோ தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனதாகப் பேச்சு உண்டா? 1860 முதல் 1911 வரை அங்கே ஒப்பந்தக் கூலியாக இறங்கியவர்களைக் கப்பல்வாரியாகப் பதிந்திருக்கிறார்கள்: எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். மலாயாவுக்கு வந்தவர்களுக்கு இப்படித் தேடத்தக்க முழுப் பட்டியல் இல்லை. ஆகவே போனவர் வரியில் இருக்கும் கிராமமே வந்தவருக்கும் கிராமம் என்று வைத்துக்கொண்டு, அங்கே போய் மேற்கொண்டு விசாரிக்கலாம்.