சீனி இல்லாத சுவிங்கமும் வீட்டு நாயும்

கேள்வி: அப்பாவுக்குச் சீனி வருத்தம். மாமா டுபாயிலிருந்து வரும்போது அவருக்கென்று சீனி இல்லாத சுவிங்கமும் பீனட் பட்டரும் கொண்டுவந்தார். போன கிழமை எங்கள் நாய் மேசையில் இருந்த சுவிங்கப் பெட்டியைக் கவ்வி, பிடுங்குவதற்குள் ஒன்றோ இரண்டோ விழுங்கிவிட்டது. சீனியே இல்லாத சாமான் என்ன செய்துவிடப் போகிறது என்கிறார் அப்பா. சரிதானா?
— ஹட்டனிலிருந்து ஒரு வாசகி

பதில்: சீனி போட்ட சுவிங்கமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பதறமாட்டேன். ஒரு கிழமை கழிந்தும் நாய் வழமைபோல் தின்று திரிகிறதென்றால் இந்த முறை தப்பிவிட்டது, சரி, ஆனால் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

அதில் ஸைலிட்டால் என்ற இனிப்பூட்டியின் பெயரோ, அதற்குரிய 967 என்ற எண்ணோ இருந்தால் அதுதான் ஆள். நமக்கு அது ஒன்றும் செய்யாது, நாயின் உடலோ அதைச் சீனி என்று எண்ணி இன்சுலினைக் கொட்டிவிட, இரத்தத்தில் உள்ள சீனி சடாரென்று இறங்கிவிடும். வாந்தி எடுக்கும், தள்ளாடும், வலிப்பும் வரலாம். அரை மணித்தியாலத்திலேயே தொடங்கலாம், சுவிங்கமென்றால் 12 மணித்தியாலம் வரை பிந்தவும் செய்யும். எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போதும், அதாவது 10 கிலோ நாய்க்கு 1 கிராம். சில வகைகளில் ஒரு துண்டிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது. கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் ஈரலுக்கும் ஆபத்து.

சோர்பிட்டோல், அஸ்பார்டேம், ஸ்டீவியா போன்ற மற்ற இனிப்பூட்டிகள் எல்லாம் இந்த வேலையைச் செய்வதில்லை, கூடத் தின்றால் வயிறு இளகும், அவ்வளவுதான். ஆகவே 'சீனி இல்லை' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி வாங்காமல் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீனட் பட்டரையும் பாருங்கள், மாத்திரையை அதில் பொதிந்து நாய்க்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பற்பசை, வாய் கொப்பளிக்கும் மருந்து, சப்பிச் சாப்பிடும் விட்டமின் இவற்றிலும் ஸைலிட்டால் வரும். நம் டவுன் கடைகளில் இன்னொரு கூத்து, விலை ஸ்டிக்கரைச் சரியாகச் சேர்மானப் பட்டியலுக்கு மேலேயே ஒட்டிவிடுவார்கள். நகத்தால் உரித்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பட்டியலே இல்லாமல் விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் சொல்லலாம்.

இனி ஒருமுறை தின்றால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எத்தனை துண்டு போனது என்று எண்ணி, பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே பக்கத்து மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியசாலை இருக்கிறதுதான், ஆனால் ஹட்டனிலிருந்து வளைந்து வளைந்து இறங்கிப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், அதனால் முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு போன் போடுங்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், அது வேறு விஷமாகிவிடும். போகிற வழியில் நாய் துவண்டு, ஆனால் நினைவோடு இருந்தால் ஈறில் கொஞ்சம் தேனோ கித்துல் பாணியோ தடவலாம். அந்த ஒரு நேரத்துக்கு மட்டும் சீனிதான் மருந்து என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.