கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு ஆர்ட் ஹிஸ்டரி மாஸ்டர்ஸ் போக முடியுமா?

தம்பி, கெமிஸ்ட்ரி டிகிரியோட ஆர்ட் ஹிஸ்டரிக்கு அப்ளை பண்ணா அப்ளிகேஷனை பிரிச்சே பாக்க மாட்டாங்களோன்னு கேட்டிருக்கீங்க. தாராளமா பாப்பாங்க. ஆனந்த குமாரசுவாமி படிச்சது ஜியாலஜி, இலங்கையில கனிம ஆய்வு வேலை பாத்தவரு, 1917ல பாஸ்டன் மியூசியத்துக்கு போய் இந்தியக் கலையைப் பத்தி அவ்வளவு எழுதினாரு. இத்தாலிக்காரர் மொரெல்லி மெடிசின் படிச்சவரு, ஓவியத்துல காதும் விரல் நகமும் எப்படி போட்டிருக்குன்னு பாத்தே யாரு வரைஞ்சதுன்னு கண்டுபிடிக்கிற முறையை கொண்டுவந்தாரு.

அதனால டிகிரியை நெனச்சு கூச்சப்படாதீங்க. அட்மிஷன் கமிட்டிக்கு வர்ற பெரிய சந்தேகம், இந்தப் பையனுக்கு ஒரு படத்தை பாத்து எழுத வருமாங்கறதுதான், அதுக்கு பதில் மார்க் ஷீட்ல கிடையாது, அப்ளிகேஷனோட நீங்க எழுதி அனுப்புற கட்டுரை, அதாவது ரைட்டிங் சாம்பிள்லதான் இருக்கு. லேப் ரிப்போர்ட்டை தூக்கி அனுப்பிடாதீங்க. நேர்ல போய் பாக்க முடியிற ஒரு ஓவியமோ சிலையோ எடுத்துக்கிட்டு அது முன்னாடி ஒரு மணி நேரம் உக்காருங்க, வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து வருது, எந்த உருவம் நம்மள பாக்குது, பெயிண்ட் எங்க தடிமனா அப்பியிருக்கு, கண்ணுக்கு தெரியிறத மட்டும் நோட்ல எழுதுங்க. அதுலேருந்து ஒரு கேள்வி வரும். அப்புறம்தான் ஜேஸ்டோர்ங்கற ஆன்லைன் ஆய்வுக் கட்டுரைத் தொகுப்புல மத்தவங்க எழுதுனத படிச்சு, அதுல ஒருத்தரோட உங்களுக்கு எங்க ஒத்துப்போகலன்னு எழுதணும். ஒரு வாரத்துல ஆகுற வேலை இல்ல, இப்பவே ஆரம்பிங்க.

எஸ்ஓபில, அதாவது ஏன் இந்தப் படிப்புக்கு வரீங்கன்னு எழுதுற ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்ல, "சின்ன வயசுலேருந்தே ஓவியம்னா உயிர்"னு தயவுசெஞ்சு எழுதாதீங்க. உங்க கெமிஸ்ட்ரியை உள்ள கொண்டு வாங்க. பிரஷ்யன் ப்ளூ 18ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலதான் கண்டுபிடிச்சாங்க, அப்போ 1650ல வரைஞ்சதுன்னு சொல்ற படத்துல அந்த நீலம் இருந்தா ஒண்ணு தேதி தப்பு, இல்லன்னா பின்னாடி யாரோ மேல பூசியிருக்காங்க. இந்த மாதிரி கேள்வி கேக்குற துறைக்கு டெக்னிக்கல் ஆர்ட் ஹிஸ்டரின்னு பேரு, உங்கள மாதிரி ஆள் அங்க நல்லாவே தேவை. கன்சர்வேஷன், அதாவது பழைய கலைப் பொருளை சரிபண்ணி பாதுகாக்குறது, வேற கோர்ஸ், அதுக்கு பல இடத்துல ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் கையால வேலை செஞ்ச அனுபவமும் கேப்பாங்க, ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க.

ரெகமெண்டேஷன் லெட்டர் எல்லாமே கெமிஸ்ட்ரி சார்கிட்டேருந்து வந்தா சரியா வராது. எங்கயாவது ஒரு ஆர்ட் ஹிஸ்டரி பேப்பர் மட்டும் தனியா சேர்ந்து படிங்க, அந்த டீச்சர் குடுக்குற ஒரு லெட்டருக்கு தனி வெயிட் உண்டு. மொழியும் அப்படித்தான், ஐரோப்பியக் கலைன்னா பிரெஞ்சு, ஜெர்மன் வாசிக்கிற அளவுக்காவது வேணும், முகலாய ஓவியம்னா பாரசீகம்.

அப்பா காசு பத்தி கவலைப்படுறதா எழுதியிருக்கீங்க, அவர் கவலை நியாயமானது. அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் பெரும்பாலும் சொந்தச் செலவு, பிஎச்டிக்குத்தான் நல்ல யுனிவர்சிட்டிகள்ல ஃபீஸ் தள்ளுபடியும் மாசாமாசம் ஸ்டைபண்டும் கிடைக்கும். லண்டன்ல ஆர்ட் ஹிஸ்டரி சொல்லிக்குடுக்குற கோர்ட்டால்ட் இன்ஸ்டிட்யூட்ல மாஸ்டர்ஸ் ஒரே வருஷம், ஆனா அந்த ஃபீஸும் சின்னது இல்ல. க்யூரேட்டர் வேலையும் ப்ரொஃபசர் வேலையும் எண்ணிக்கையில கம்மி, அதனால முழுச் செலவுக்கும் கடன் வாங்கித்தான் போகணும்ங்கற நிலைமைன்னா இந்த வருஷம் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஒரு வருஷம் மியூசியத்துலயோ ஆர்க்கைவ்லயோ வேலை பாத்துக்கிட்டே ரைட்டிங் சாம்பிளை செதுக்குங்க, அடுத்த ரவுண்டுல ஸ்காலர்ஷிப்போட கேளுங்க. முதல் டிராஃப்ட் ஆனதும் எனக்கு அனுப்புங்க, படிச்சிட்டு சொல்றேன்.