லெஃப்கண்டி புதைகுழிகள்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி (கல்லூரி மாணவி): கிரேக்கம் என்றால் ஏதென்ஸ், மைசீனி. லெஃப்கண்டிக்கு ஏன் இத்தனை பேச்சு?

பதில்: மைசீனிய (வெண்கலக் காலக் கிரேக்க) அரண்மனைகள் கி.மு. 1200 வாக்கில் அழிந்தபின் கிரேக்கம் வெளியுலகத் தொடர்பற்று, வறுமையில் கிடந்தது என்று பலர் எழுதிவந்தார்கள். யூபோயா தீவின் லெஃப்கண்டி அந்தக் கதையைக் கெடுத்துவிட்டது. அங்கே தூம்பா என்ற மேட்டுக்கடியில் கி.மு. 950ஐ ஒட்டிய, சுமார் 50 மீட்டர் நீளக் கட்டடம் இருந்தது. 1980இல் புல்டோசர் அதன் ஒரு பகுதியை இடித்துத் தள்ளிவிட்டது. வயிற்றெரிச்சல்தான். மிச்சத்தை அப்புறம் முறையாகத் தோண்டினார்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): உள்ளே என்ன கிடைத்தது?

பதில்: தரைக்குக் கீழே இரண்டு குழிகள். ஒன்றில் நான்கு குதிரைகள். இன்னொன்றில் சைப்ரஸ் வெண்கலத் தாழியில் ஓர் ஆணின் எரித்த எலும்பும், மட்காமல் தப்பிய துணியும். பக்கத்தில் எரிக்காமல் கிடத்திய பெண், மார்பில் தங்கத் தகடுகள்.

கேள்வி: அந்தப் பெண்ணைப் பலி கொடுத்தார்கள் என்கிறார்களே?

பதில்: தலைமாட்டில் தந்தப்பிடி போட்ட இரும்புக் கத்தி இருந்தது. அதை வைத்துக் கிளம்பிய பேச்சு இது. கத்தி பக்கத்தில் இருந்ததாலேயே கொலை ஆகிவிடாது. நான் நம்பவில்லை.

கேள்வி (வரலாற்று ஆசிரியர்): புதைகுழியின் காலத்தை எப்படிச் சொல்கிறார்கள்? பழைய பானை ஓடும் அதில் கலந்திருக்குமே?

பதில்: நல்ல கேள்வி. குழி வெட்டும்போது கீழேயுள்ள பழைய குடியிருப்பு மண் மேலே வருகிறது. மூடும்போது அதே மண்தான் திரும்ப உள்ளே போகிறது. அதனால் நிரப்பு மண்ணில் கிடக்கும் ஓடு குழியைவிட நூற்றாண்டுகள் பழையதாக இருக்கலாம். முதலில் மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறுகிற விளிம்பைப் பிடித்து, குழி எங்கே பழைய அடுக்கை அறுக்கிறது என்று பார்க்க வேண்டும். நிரப்பு மண்ணையும் உடலோடு வைத்த பொருள்களையும் தனித்தனியே எடுக்க வேண்டும். அதோடும் தீராது. அந்தப் பெண்ணின் கழுத்தணியில் இருந்த பாபிலோனியத் தங்கப் பதக்கம், புதைத்தபோதே பல நூற்றாண்டுப் பழசு. தாழியும் பழைய பொருள்தான். ஆகவே, உள்ளே இருப்பதில் கடைசியாகச் செய்யப்பட்ட பொருள் எது என்று பாருங்கள். அதற்கு முந்தியதாகக் குழி இருக்க முடியாது.

கேள்வி: புதைத்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்?

பதில்: பக்கத்தில் கடலோரம் உள்ள ஜெரோபோலிஸ் மேட்டில் இருந்திருக்கலாம். வெண்கலக் காலத் தொடக்கம் முதல் கி.மு. 700 வாக்கு வரை அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். தங்கம் இல்லாததால் அதற்குப் படம் போடுவாரில்லை. ஆனால் அன்றாடச் சோறும் தொழிலும் தெரிய வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும்.

கேள்வி: தூம்பா கட்டடம் முதலில் வீடா, சமாதியா?

பதில்: சண்டை ஓயவில்லை. தலைவனின் வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள் என்பது ஒரு கட்சி; புதைத்த பிறகு எழுப்பினார்கள் என்பது மறுகட்சி. சீக்கிரமே அதை மூடி மேடாக்கிவிட்டார்கள். ஆள் புழங்கிய தேய்மானம் குறைவு என்பதால் என் ஓட்டு இரண்டாவதற்கு.