என்ஜின் ஃப்ளஷ் போட்டுத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2017 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக். 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றிவிடுவேன். இந்த முறை சர்வீஸுக்கு விட்டபோது, "உள்ளே கசடு சேர்ந்திருக்கும், ஃப்ளஷ் ஊற்றிக் கழுவிவிட்டுப் புது ஆயில் போடுங்கள்" என்கிறார்கள். கன்னங்கரேலென்று இருந்த பழைய ஆயிலையும் காட்டினார்கள். அவசியமா?

பதில்: உங்கள் காருக்கு அவசியமே இல்லை. ஆயில் கறுத்திருந்ததைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

என்ஜின் ஆயில் என்பது வெறும் எண்ணெய் அல்ல. அழுக்கைப் பிரித்தெடுக்கும் டிடர்ஜென்ட், பிரிந்த கரித்தூள் ஓரிடத்தில் படியாமல் மிதக்கவிடும் டிஸ்பர்சன்ட், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் எல்லாம் கம்பெனியிலேயே கலந்துதான் வருகிறது. ஆயில் கறுக்கிறது என்றால் அது அழுக்கைச் சுமக்கிறது என்றுதான் அர்த்தம். டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். நிறத்தை மட்டும் வைத்து ஆயிலின் நிலையைச் சொல்ல முடியாது.

ஃப்ளஷ் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த கரைப்பானும் கொஞ்சம் டிடர்ஜென்ட்டும்தான். பழைய ஆயிலோடு அதை ஊற்றி, வண்டியை நகர்த்தாமல் பத்து நிமிடம் போல ஐடிலில் ஓடவிட்டு வடிப்பார்கள். ஆனால் அடியில் ஆயிலை வடிக்கும் ட்ரெயின் நட்டைக் கழற்றினாலும் எல்லாம் வெளியே வந்துவிடுவதில்லை. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலும் ஆயில் போகும் வழிகளிலும் கொஞ்சம் தங்கும். அது புது ஆயிலோடு கலந்து, நீங்கள் காசு கொடுத்து வாங்கியதை நீர்க்கச் செய்யும். ஹோண்டா தன் கார் கையேடுகளிலேயே ஆயிலில் வேறு எந்த அடிட்டிவும் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது.

உள்ளே கசடு இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். என்ஜின் ஆறியதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பாருங்கள். உலோகம் பொன்னிறமாகவோ லேசான பழுப்பாகவோ தெரிந்தால் கவலையில்லை, அது வெறும் படலம்தான். கிண்டி ஆறவிட்ட கறுப்பு அல்வா மாதிரி திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தால் அதுதான் ஸ்லட்ஜ் எனப்படும் கசடு. மூடியின் அடியில் மட்டும் வெள்ளையாகப் பாலாடை போல இருக்கிறதா? தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் வண்டிகளில் ஈரம் ஆவியாகாமல் அப்படிச் சேரும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் போதும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் நிறமாக இருந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சரி, உண்மையிலேயே ஸ்லட்ஜ் இருந்தால்? அப்போதுதான் ஃப்ளஷ் ஆபத்து. கட்டிகள் ஒரேயடியாகப் பெயர்ந்து, ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் சல்லடையை அடைத்துவிடும். ஆயில் மேலே ஏறாது, பேரிங் போய்விடும். கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலையே போட்டு, அடுத்த இரண்டு தடவை 2,000–3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றினால், படிந்தது மெதுவாகக் கரைந்து வெளியேறும். ரொம்ப மோசம் என்றால் சம்ப்பைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்வதுதான் முறை. ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், வீடு வரை போய்விடலாம் என்று நினைக்காமல் ஓரங்கட்டி உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள்.

உங்கள் வண்டி வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பெரும்பாலான கையேடுகள் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்றுதான் சொல்கின்றன. நீங்கள் செய்வது சரியே. நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டி என்றால் மட்டும் 7,000 கி.மீ.யிலேயே ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஃப்ளஷ்ஷுக்குக் கொடுக்கும் பணத்தை ஒரிஜினல் ஃபில்டருக்கும் சரியான ஆயிலுக்கும் கொடுங்கள். ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் கிரேடு கையேட்டில் 0W-20 என்றிருந்தால் 0W-20 தான். "பழைய வண்டி, கெட்டி ஆயில் போடலாம்" என்று 20W-50 ஊற்ற விடாதீர்கள். டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ (API) தரக்குறியீடு எஸ்என் (SN) அல்லது 2020-இல் வந்த எஸ்பி (SP) என்று இருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் வேறு விஷயம், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செய்யப்போகும் வேலைகளை எழுதியிருக்கும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன், ஃப்ளஷ் என்று எழுதியிருப்பதை அடித்துவிடச் சொல்லுங்கள். ட்ரெயின் நட்டின் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வண்டியை எடுத்ததும் சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அங்கேயே கொஞ்சம் வடிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.