மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மருத்துவமனை மருந்தகத்தில் 17 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். குழந்தைகள் மனநலப் பிரிவின் சீட்டுகள் தினமும் என் கைக்கு வரும். டோஸை முடிவு செய்வது உங்கள் டாக்டர்தான். மருந்து எப்படி வேலை செய்கிறது, எதில் கவனம் வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

பையனுக்கு 8 வயது. ஏடிஎச்டி (கவனச் சிதறல், அதீத துறுதுறுப்பு) என்று மெத்தில்ஃபெனிடேட் எழுதியிருக்கிறார்கள். நெட்டில் பார்த்தால் கொக்கைன் மாதிரி என்று போட்டிருக்கிறது. அழுகையாக வருகிறது. கொடுக்கலாமா அக்கா?

அழாதீங்கம்மா. நெட்டில் இருப்பது பாதிதான் உண்மை. நரம்பு செல் வெளிவிடும் டோபமைன் என்ற செய்தி கடத்தும் ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு வாசல் உண்டு. இந்த மருந்து அந்த வாசலை அடைக்கிறது. கொக்கைனும் அதே வாசலைத்தான் அடைக்கும். ஆனால் மூக்கில் இழுத்த கொக்கைன் சில நிமிடங்களில் மூளைக்கு ஏறிவிடும். போதையைத் தருவது அந்தத் திடீர் ஏற்றம். விழுங்கும் மாத்திரை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். "இரு, முடித்துவிட்டு எழு" என்று நம்மைப் பிடித்து உட்கார வைக்கும் முன்மூளைப் பகுதிக்கு அது தெம்பு கொடுக்கிறது. சொன்ன அளவில் சாப்பிடும் பிள்ளைகள் அதனால் பின்னாளில் போதைக்குப் போவது கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

இது நேற்று வந்த மருந்தும் இல்லை. 1944-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பானிசோன் முதலில் தயாரித்தார். 'ரிட்டாலின்' என்ற பெயர் அவர் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பையனுக்கு ஓடும்போது மயக்கம் வந்ததுண்டா, சொந்தத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்தார்களா, இதய நோயோ வலிப்போ மனநோயோ உண்டா என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டு விஷயம் என்று மறைக்காதீர்கள்.

டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. வளர்த்தி நின்றுவிடுமா?

போன மாதம் ஓர் அம்மா கவுண்டரிலேயே டப்பாவைத் திறந்து காட்டினார். எலுமிச்சை சாதத்தில் ஸ்பூன் பட்ட தடமே இல்லை, அப்பளம் மட்டும் காணோம். மதியம் மருந்து உச்சத்தில் இருக்கும்போது பசி அடங்கிவிடும். அதனால் காலையில் முதலில் இட்லியோ தோசையோ வயிறு நிறையக் கொடுத்துவிட்டு, பிறகு மாத்திரை கொடுங்கள். சாயங்காலம் மருந்து இறங்கியதும் பசி திரும்பும். அப்போது முட்டை, சுண்டல், பால் என்று ஈடுகட்டிவிடலாம்.

வளர்த்தி நிற்காது, கொஞ்சம் மட்டுப்படலாம். அமெரிக்காவில் எம்டிஏ என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதில் புதிதாக மருந்து தொடங்கிய பிள்ளைகள் மூன்று ஆண்டு முடிவில், மருந்து சாப்பிடாதவர்களைவிட உயரத்தில் சுமார் 2 செ.மீ. குறைவாக இருந்தார்கள். அதனால்தான் உயரம், எடை, பிபி, நாடித்துடிப்பு நான்கையும் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறோம். யாரும் பார்க்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

ராத்திரி 11 மணி ஆகியும் தூங்குவதில்லை.

கொடுக்கும் நேரத்தைப் பாருங்கள், மருந்து ராத்திரி வரை நின்றால் தூக்கம் வராது. சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம் நிற்கும், நீண்ட நேர மாத்திரை 8 முதல் 12 மணி நேரம் வரை. நீண்ட நேர மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடவே கூடாது; நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

நீட் இரண்டாவது முறை எழுதுகிறேன். நண்பன் அவனுடைய மாத்திரை ஒன்று கொடுத்தான், தூக்கமே வரவில்லை. தொடரலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. தூக்கம் வராததைப் படிப்பு ஏறுகிறது என்று எடுத்துக்கொள்ளாதே. 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஏடிஎச்டி இல்லாத 40 பேருக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்து, குறிப்பிட்ட எடைக்குள் மதிப்புள்ள பொருட்களைப் பையில் அடுக்கும் புதிரைத் தந்தார்கள். மருந்து சாப்பிட்டபோது அதிக நேரம் உழைத்தார்கள், பொருட்களை அதிக முறை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆனால் விடையின் தரம் இறங்கியது. மருந்தில்லாத வெற்று மாத்திரையில் நன்றாகச் செய்தவர்கள்தான் அதிகம் சறுக்கினார்கள்.

படித்ததை மூளை பதிந்து வைப்பது தூக்கத்தில்தான், அதையே நீ விலையாகக் கொடுக்கிறாய். உன் இதயத்தை யாரும் பரிசோதிக்கவுமில்லை. படபடப்பு, நெஞ்சுவலி, யாரோ கவனிப்பது போன்ற சந்தேகம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போ. இந்த மருந்து 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. நண்பன் பாசத்தில் கொடுத்தாலும் கைமாற்றுவது குற்றம். உனக்குச் சிறு வயதிலிருந்தே கவனம் சிதறுகிறதென்றால் டாக்டரைப் பார். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று கேட்பார். அம்மாவையும் கூட்டிப் போ.

நாலு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன், எங்கும் இல்லை. ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் பட்டியலில் உள்ளது. விற்கத் தனி உரிமம் வேண்டும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனை மருந்தகத்தில் கேளுங்கள், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே.

நார்கோலெப்சிக்கு (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்) மொடாஃபினில் என்ற விழிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். கருத்தடை மாத்திரையும் உண்டு. பிரச்சினையா மேடம்?

ஆமாம். மொடாஃபினில் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை. வேறு தடுப்பு முறை பற்றி டாக்டரிடம் இன்றே பேசுங்கள். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே போய்க் காட்டுங்கள்.

மாத்திரை சாப்பிட்டதும் என் பெண் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் சந்தோஷப்படுகிறார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள். பிள்ளை பிள்ளையாகவே இருக்க வேண்டும். சிரிக்க வேண்டும், தம்பியோடு சண்டை போட வேண்டும். பொம்மை மாதிரி ஆனால் பெரும்பாலும் டோஸ் அதிகம் என்று அர்த்தம். சில பிள்ளைகளுக்கு இந்த மருந்தே ஒத்துவராது. மெத்தில்ஃபெனிடேட் போல ஊக்கி வகையில் சேராத அடோமோக்ஸெடின் போன்ற மாற்றும் உண்டு. ஒரு நோட்டில் நான்கு நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எப்போது அமைதியானாள், எப்போது பழையபடி பேசினாள், என்ன சாப்பிட்டாள். அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அந்த நோட்டோடு போய் டாக்டரைப் பாருங்கள்.